குடைக்கு நன்றி சொன்ன கதை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இன்று காலை குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, என் பல் துலக்கும் பிரஷுக்கு ஜப்பானிய மொழியில் நன்றி சொல்லிப் பழகினேன்.

மகள் ஜெர்மனியில், டுசெல்டோர்ஃப் நகரத்தில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். நிறுவனம் பெற்றோரை அழைத்த நாளில் நான் அங்கே குடையை மறந்துவிட்டேனாம். நாங்கள் இருக்கும் வுப்பர்டால் பக்கம் வருகிற அவளுடைய மேலாளர் அதை வீட்டுக்கே கொண்டுவருகிறாராம்.

"அப்பா, வெறும் 'அரிகத்தோ' எண்டு சொல்லிப்போடாதேங்கோ, அது கூட்டாளிமாருக்குச் சொல்லுறது. முழுசாச் சொல்லிக் குனியுங்கோ. என்னை வேலையில வைச்சிருக்கிறதோ அனுப்புறதோ எண்டு அவர்தான் முடிவெடுக்கிறது."

மணி அடித்தது. நெஞ்சும் அடித்தது. கதவைத் திறந்து, "தோமோ அரிகத்தோ கொசாய்மஷ்தா" என்று குனிந்தேன்.

குடையை நீட்டியபடி மேலாளரும் குனிந்தார். நான் இன்னும் குனிந்தேன். அவர் அதற்கும் கீழே போனார். மகளின் வேலையை நினைத்து மேலும் கொஞ்சம் இறங்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

நிமிர முடியவில்லை. பயத்தில் அவர் காலிலிருந்த சப்பாத்துகளுக்குத் திரும்பத் திரும்ப நன்றி சொன்னேன். எனக்கு முன்னால் நிமிர்வது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மனிதரும் அப்படியே நின்றார்.

மனைவி வந்து பார்த்தாள். "என்னப்பா, ரெண்டு பேரும் எதைத் துலைச்சுப்போட்டுத் தேடுறியள்?"

இப்படி மரியாதை தெரிந்த தகப்பனைக் கண்டதில்லை என்று மேலாளர் அலுவலகம் முழுக்கச் சொல்கிறாராம். மகள் இப்போதுதான் எழுதினாள்.

ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் அவசரமாகச் சொல்லுங்கள்: வேறு யாருடையதோ ஒரு குடையைத் திருப்பிக் கொடுக்க எவ்வளவு குனிய வேண்டும்?

என்னுடையது கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது.