கராஜில் வெந்த கொரியப் பணிஸ்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எனக்குப் பக்கத்து வகுப்பை நடத்திய திலகா அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். செய்திக்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அவற்றில் சில கைகளைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏன் என்று சொல்லத்தான், அங்கே என்னோடு கற்பிக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

இரங்கல் கூட்டத்தில் அவரைச் சைவ ஆசாரத்தின் தூண் என்றீர்கள். பொய்யில்லை. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர். ஆனால் அதே மனுஷிதான் வெஸ்ட்மீட்டில் தன் வீட்டுக் கராஜில் காஸ் அடுப்பு வைத்து இரண்டு வருடமாக மாட்டிறைச்சி சமைத்தார். தின்றது நாம். கூட்டத்தில் ஒருவர்கூட அதைப்பற்றி வாயைத் திறக்கவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். மகள் அபி, ஜூன் என்ற கொரியப் பையனைக் கட்டிக்கொண்டாள். இருவரும் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அக்காவின் கணவர் சொல்லிவிட்டார். "வாசலைத்தானே மிதிக்கக் கூடாது? கராஜுக்கு வேற கதவு இருக்கு" என்றார் அக்கா. மாப்பிள்ளைக்குப் பிடித்தது கொரியச் சுவையில் ஸ்லைடர். உள்ளங்கைக்குள் அடங்கும் பர்கர். பன்னுக்கு அக்காவின் ஊர்ப் பேச்சில் பணிஸ்; அதனால் இதற்குக் 'குட்டி பணிஸ்' என்று பெயர் வைத்தார்.

முதல் தடவை நடந்த கூத்தை மறக்க முடியாது. அரைத்த இறைச்சியை மஞ்சள் போட்டுக் கழுவினார்! பாதி, துணி துவைக்கும் தொட்டியின் வடிகாலோடு போனது, மீதி கஞ்சியானது. "கழுவாமல் எப்பிடி மனிசர் தின்னுறது?" என்று என்னோடு சண்டைக்கு வந்தார். அடுத்த தடவை, வறுத்த எள்ளில் எடுத்த கொரிய எண்ணெய்க்குப் பதிலாக நம் நல்லெண்ணெயை ஊற்றிவிட்டார்.

"அக்கா, இட்லிப் பொடி வாசம் வருது" என்றேன்.

"அப்ப ஒரு இட்லியும் வைச்சுத் தாறன், சேர்த்துச் சாப்பிடுங்கோ."

போகப் போகக் கை படிந்துவிட்டது. கொச்சுஜாங் என்ற கொரிய மிளகாய் விழுது, பூண்டு, இஞ்சி, சோயா சாஸ், துருவிய பேரிக்காய். அதிகம் பிசையக் கூடாது, உருண்டை இறுகிவிடும். சூடான சட்டியில் தட்டையாக அழுத்தி ஓரம் முறுகும்வரை விட வேண்டும். வெண்ணெயில் வாட்டிய பணிசுக்குள் வைத்து மேலே கொஞ்சம் கிம்ச்சி, கொரியக் கோஸ் ஊறுகாய். கையுறை போட்டுக்கொண்டுதான் செய்வார். ஒருநாளும் ருசி பார்த்ததில்லை. நாம் கடிக்கும்போது நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"உப்புக் காணுமோ? முகத்துக்காகச் சொல்லாதேங்கோ. அவள் புருஷனோட வந்து என்ர கையால ஒருக்கால் சாப்பிட வேணும். வேற ஒண்டும் நான் கேக்கேல்லை."

ஒருவழியாக அவர்களைக் கூப்பிட நாளும் குறித்தார். அதற்குள் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் காரில் போகும் வழியில் நம்மில் ஒருவர், மகளும் மாப்பிள்ளையும் வரப்போவதை அவர் கணவரிடம் போட்டுக்கொடுத்தார். ஆசிரியர்களுக்காகச் சமைக்கிறாள் என்று அதுவரை அவர் நினைத்திருந்தார். வீடு திரும்பியதும் அடுப்பையும் சட்டியையும் கவுன்சில்காரர்கள் அள்ளிப்போகும் குப்பையோடு தெருவில் வைத்துவிட்டார். போட்டுக்கொடுத்தது யார் என்று அப்படிச் செய்தவருக்கே தெரியும். வாட்ஸ்அப்பில் முதலில் கும்பிட்டதும் அவர்தான். தின்றபோது இனித்தது, வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் முடியவில்லை.

"என் வீட்டுல வந்து செய்ங்க அக்கா" என்றேன். அடுத்த ஞாயிறு என்று முடிவானது. அதற்கு முன் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

இரங்கல் கூட்டத்தில் அபியும் ஜூனும் கடைசி வரிசையில் இருந்தார்கள். யாரும் அவர்களோடு பேசவில்லை. மறுநாள் அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, அக்காவின் செய்முறைப்படி நானே செய்து வைத்தேன். ஜூன் கண் கலங்கச் சாப்பிட்டான். அபி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்காக உங்கம்மா ரெண்டு வருஷம் பாடுபட்டாங்கம்மா" என்றேன்.

"தெரியும் அன்ரி. அந்த ரெண்டு வருசமும் ஒவ்வொரு சண்டேயும் நான் கூப்பிட்டனான். நாங்கள் இருக்கிற ஸ்ட்ரத்ஃபீல்ட் என்ன தூரமே? ட்ரெய்ன்ல ஏறினா வந்திடலாம். 'அப்பா ஏசுவார் பிள்ளை' எண்டு போனை வைச்சிடுவா. ஒருநாளும் வரேல்லை."

 அதுவரை உங்கள் மேலும் அவர் கணவர் மேலும்தான் எனக்குக் கோபம். கராஜ்வரை வந்த துணிச்சல் ரயில் நிலையம்வரை ஏன் வரவில்லை என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தச் செய்முறை. அதோடு, அவர் மேலேயே ஒரு கோபம். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பீர்கள். எனக்கு மனம் ஆறவில்லை. நீங்கள் போயிருக்கலாம், அக்கா. அந்தப் பிள்ளை உங்களைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள்.