அம்மா தந்த அடுப்பூசி

அப்பாவின் விமானத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று முப்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். கெடுத்தது ஓர் ஊசியால்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேர்னில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். ரயில் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, வீட்டுக் கராஜில் சொந்தமாக ஒரு சின்ன விமானம் கட்டிக்கொண்டிருந்தார். கார் வெளியே மழையில் நனைந்தது. இறக்கைகள் உள்ளே சொகுசாகக் கிடந்தன. இளவயதில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலைய வேலியோரம் சைக்கிளை நிறுத்தி விமானம் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் அவர். வேறு என்ன செய்வார்?

அம்மா அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

"விழுந்தால்?"

"விழாது," என்றார் அப்பா.

"விழுந்தால் நானும் பிள்ளையும் இஞ்சை ஆரிட்டைப் போறது?"

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை.

அலுமினியத் தகடுகளைப் பொருத்துவதற்கு முன், அவை அரித்துப் போகாமல் இருக்கப் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் பிரைமர் அடிப்பார். இரண்டு டின்களில் இருப்பதைக் கலந்துவிட்டால் சில மணி நேரத்தில் அது கல்லாகிவிடும். அதனால் அடித்து முடித்ததும் ஸ்பிரே கன்னைக் கழுவுவது அவருக்குப் பூசை மாதிரி. தின்னர் ஊற்றி, தெளிவாக வரும்வரை பழந்துணியில் அடிப்பார். பிறகு முன்னாலுள்ள பித்தளை மூடியைக் கழற்றுவார். காற்று வருவதற்காக அதில் மிகச் சிறிய ஓட்டைகள் இருக்கும். அவற்றைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலும் சீவிய தீக்குச்சியாலும் மட்டுமே துப்புரவு செய்வார். இரும்பு அதன் பக்கமே போகக்கூடாது.

ஒரு சனிக்கிழமை, வால் பகுதிக்கு அடித்து முடித்த நேரம், பட்டறையிலிருந்து அவசரமாக அழைத்தார்கள். நான் பல நாளாகக் கெஞ்சிய வேலை அன்று என் கைக்கு வந்தது.

"பிள்ளை, மூடியைக் கழுவி வையுங்கோ. நான் வேலைக்குப் போட்டு வாறன்."

பின் படியில் உட்கார்ந்து தேய்த்தேன். இரண்டு ஓட்டைகள் அடைத்தே இருந்தன. தீக்குச்சி ஒன்று உள்ளேயே முறிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா வந்து மூடியை வாங்கிப் பார்த்தார். உள்ளே போய் அடுப்பூசியை எடுத்துக்கொண்டு வந்தார். தகரப் பிடியில் மயிரளவு உருக்குக் கம்பி. யாழ்ப்பாணத்தில் எங்கள் மண்ணெண்ணெய் அடுப்பின் வாய் அடைத்தால் குத்துகிற ஊசி. இங்கே எரிவாயு அடுப்பு வந்த பிறகும் அது குசினி மேசை லாச்சிக்குள் சும்மா கிடந்தது.

"இதாலை குத்து."

"இரும்பு படக்கூடாதெண்டு அப்பா சொன்னவர்."

"நல்லா ஆட்டி ஆட்டிக் குத்து. அப்பத்தான் போகும்."

எல்லா ஓட்டைகளும் முடியும்வரை அம்மா பக்கத்திலேயே நின்றார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா ஸ்பிரே கன்னை எடுத்தார். பிரைமர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, துளி துளியாகத் தெறித்தது. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வட்டமான ஓட்டைகள் எல்லாம் நீண்டு கோணலாகியிருந்தன.

"என்னத்தாலை குத்தினனீங்கள்?"

ஊசியை எடுத்து வந்து காட்டினேன்.

"ஆர் தந்தது?"

"அம்மா."

ஏச்சு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா குசினி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அங்கே நின்றார். விலகிப் போகவில்லை. பிறகு அப்பா எப்போதும் போலத் தின்னர் ஊற்றி, கன்னை முழுவதுமாகக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். ஊசியைக் கொண்டுபோய் அதன் லாச்சியில் போட்டார்.

மதியச் சாப்பாட்டில் நான் விம்மி விம்மி அழுதேன். "நான்தான் பழுதாக்கினனான்," என்றேன். இருவரும் என்னைத் தேற்றவில்லை. அம்மா இரண்டாம் தடவை சோறு போட்டார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பெட்டியை அப்பா பிறகு திறக்கவில்லை. சில மாதங்களில், விமானத்தை வாங்கிய இரண்டு பேர் லொறியோடு வந்து இறக்கைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா கேற்றடியில் நின்று வழிசொல்லி அனுப்பினார்.

வெகுகாலத்துக்குப் பிறகு என் வீட்டு வேலிக்குப் பெயின்ற் வாங்கப் போனேன். கடையில் அதே பித்தளை மூடிகள் வரிசையாகத் தொங்கின. கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுகிற சாமான். அப்பாவுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

வாங்க வந்ததை மறந்து அங்கேயே நின்றேன். யாழ்ப்பாணத்துக் குசினியில், நாலு வயதில் நான் அந்த ஊசியோடு விளையாடியபோது அம்மா கையைத் தட்டிவிட்டுச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஆட்டாதை பிள்ளை. ஆட்டினால் ஓட்டை பெருத்து, பிறகு அடுப்பு உதவாது."

அன்று அந்த மதியச் சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் அது தெரிந்திருந்தது. நடுவில் உட்கார்ந்து அழுத எனக்குத்தான் தெரியவில்லை.