ரசமட்டத்தோடு வாணலி வாங்க வந்தவர்

கண்ணாடி மேசையின் விளிம்புக்கு நேராகக் கண் வரும்வரை முழங்காலை மடக்கிக் குந்துகிறார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாணலியின் தட்டையான அடியைப் பார்க்கிறார். பிறகு சட்டைப் பையிலிருந்து, தரை மட்டம் பார்க்கிற விரல் நீள ரசமட்டம் ஒன்றை எடுத்து அதற்குள் வைக்கிறார். ரசமட்டம் நடுவில் முட்டி இப்படியும் அப்படியும் ஆடுகிறது; பச்சைத் தண்ணீருக்குள் இருக்கும் குமிழி கோட்டுக்குள் நிற்க மாட்டேன் என்கிறது. “இதுக்கும் தொந்தி போட்டிருக்கு” என்று முனகிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுகிறார்.

பாத்திரக் கடைக்கு வருகிறவர்கள் சாதாரணமாக நிறத்தைப் பார்ப்பார்கள். கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார்கள். ரொம்பக் கெட்டிக்காரர்கள் மூடி போட்டுப் பார்ப்பார்கள். கட்டடம் கட்டுகிற சாமானோடு வந்து வாணலி வாங்கப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். சனிக்கிழமை வேலை முடிந்ததும், முழங்காலில் சிமெண்டுப் பொடி ஒட்டியிருக்க, நேராக வாணலி அடுக்குக்கு வந்துவிடுவார். கடையில் எல்லோருக்கும் அவர் ‘ரசமட்டம்’. “உன் ரசமட்டம் வந்தாச்சு, போ” என்று மற்றவர்கள் சீண்டும்போது, அந்தப் பகுதியைக் கவனிக்கிற விற்பனைப் பெண் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து போவாள்.

அவர் வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். கடைக்குள் வந்தும் தொழில் அவரை விடுவதில்லை. நடந்துகொண்டே இருப்பவர் சட்டென்று நின்று குதிகாலால் தரையைத் தட்டுவார். “தங்கச்சி, இந்தக் கல்லுக்கு அடியில வெறும் காத்துதான் இருக்கு. பாரத்தோட மிதிக்காதீங்க.” அன்று முதல் அவளால் அந்தக் கல்லை மிதிக்க முடியவில்லை. இரண்டு கையிலும் குக்கரைச் சுமந்துகொண்டு வந்தாலும் சுற்றித்தான் போகிறாள். அதில் அவர்மேல் அவளுக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

ஒரு சனிக்கிழமை, அடுக்கில் இருந்ததெல்லாம் மேசைக்கு வந்து, எல்லாம் திரும்ப அடுக்குக்கே போனபோது, அவள் கேட்டேவிட்டாள்.

“ஏண்ணே, வாணலிதானே வாங்குறீங்க? வீடா கட்டப் போறீங்க?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ரசமட்டத்தைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே சொன்னார். “வீட்டுல அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போயிடுச்சு, போகும்போது நாக்கையும் மூக்கையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. உப்பும் தெரியல, இனிப்பும் தெரியல. எதைக் குடுத்தாலும் களிமண்ணு மாதிரி இருக்குங்கிறா. ரெண்டு வாய், அப்புறம் தட்டைத் தள்ளிடுவா. துணியெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு தங்கச்சி.”

அதுவரை வெந்நீர்கூட வைத்தறியாத மனிதர் அடுப்படியில் இறங்கியிருக்கிறார். ஒருநாள் உருளைக்கிழங்கு வில்லைகளை வாணலியில் போட்டுவிட்டு மறந்துபோனார். பாதி கரிந்து, பாதி மொறுமொறுவென்று ஆகியிருந்தது. மனைவி அதில் ஒன்றைக் கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார். “இது மட்டும் தெரியுதுங்க” என்றார்.

“ருசி இல்ல, சத்தம்” என்றார் டைல்ஸ்காரர். “பல்லுல உடையுறது தெரியுதாம். அன்னையிலேர்ந்து நான் அவ காதுக்குத்தான் சமைக்கிறேன். ஆனா வீட்டு வாணலி கோணல். எண்ணெய் ஒரு பக்கமா ஓடிடுது. ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் கொழகொழ. மெத்துனு ஒண்ணு வாயில விழுந்தாப் போதும், அன்னிக்குச் சாப்பாடு முடிஞ்சுது.”

சமையல் என்றால் உப்பு, புளி, காரம் என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒருத்தியின் பல்லுக்கும் காதுக்கும் நடுவில் மிச்சமிருந்த அந்தச் சின்ன வழியைக் கண்டுபிடித்து, அதன் வழியாகவே சோறு ஊட்டப் பார்க்கிற மனிதரை அவள் கண்டதில்லை. கையில் இருந்த மூடியை எங்கே வைப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பிறகுதான் தன் தொழில் ஞாபகம் வந்தது. “அண்ணே, நீங்க வேண்டாம்னு தள்ளினதெல்லாம் நல்ல வாணலிதான். கனத்த அடி வெச்சதுல நடுவுல வேணும்னேதான் கொஞ்சம் தூக்கி விடுவாங்க. சூடு ஏறினா அது விரிஞ்சு சமமாயிடும்.”

அவர் வாணலியைத் திருப்பிப் பார்த்தார். “வெயில்ல விரியும்னு டைலுக்கு நடுவுல சந்து விடுறோமே, அந்தக் கணக்கா?” என்று மெதுவாகக் கேட்டார். அவள் தலையாட்டியதும் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். “ஆறின சட்டியில போய் மட்டம் பாத்திருக்கேனே. தொழில்காரன்னு வெளிய சொல்லிடாதீங்க.”

“கடையிலயே செஞ்சு காட்டுற அடுப்பு இருக்கு. அடுத்த வாரம் அக்காவைக் கூட்டிட்டு வாங்க. பாத்துட்டே எடுத்துக்கலாம்.”

அடுத்த சனிக்கிழமை மனைவி வந்தார். கைக்கடிகாரம் முழங்கைவரை வழுக்கி ஓடுகிற அளவுக்கு மெலிந்திருந்தார். “நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்காதீங்க” என்று கணவரின் சட்டையை இழுத்தார். அவரோ பையிலிருந்து டப்பாவை எடுத்துவிட்டார். உள்ளே உருளைக்கிழங்கு வில்லைகள், ஈரம் போகத் துடைத்து, எல்லாம் ஒரே கனத்தில். விற்பனைப் பெண் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எங்கும் மேடு பள்ளம் இல்லை.

வாணலி சூடேறியது. ஊற்றிய எண்ணெய் எந்தப் பக்கமும் ஓடாமல் வட்டமாகப் பரவி நின்றது. அவர் வில்லைகளை வரிசை பிடித்து, ஒன்றுக்கொன்று சந்து விட்டுப் பதித்தார். ரசமட்டம் பையிலேயே கிடந்தது. காதை மட்டும் சாய்த்துக்கொண்டார். எண்ணெயின் சலசலப்பு அடங்கி மெலிதானபோது திருப்பிப் போட்டார். எல்லாம் ஒரே பொன்னிறம். கடையில் சீண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

முதல் வில்லையைக் கரண்டியில் எடுத்து, ஊதி, மனைவியின் கையில் வைத்தார். கடித்த சத்தம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற விற்பனைப் பெண்ணுக்கே கேட்டது. அவரோ மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கி, மெல்லுகிற ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் நின்றது. மனைவி விழுங்கினார்.

இன்றைக்கும் இவ்வளவுதான் என்று, மீதியை அள்ளி வைக்க அவர் தட்டை எடுக்கத் திரும்பினார். அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. “சூடு, சூடு” என்று கரண்டியைக் குறுக்கே நீட்டினார். மனைவி அதை ஒதுக்கிவிட்டு, வாணலிக்குள்ளேயே விரலை விட்டு அடுத்ததை எடுத்தார்.