கட்டிலுக்கும் தரைக்கும் நடுவே

சபையில் வாயால் சொல்ல இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் அம்மா பேச்சு வந்த இடத்தில் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் எழுதித் தருகிறேன். இது முழுக்கச் சந்தோஷமான சாட்சி அல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தானியேல். செய்யூர் பக்கத்தில் ஒரு கிராமம். சவுக்குக் கட்டை வெட்டி லாரியில் ஏற்றுவது என் தொழில். மூன்று வருடங்களுக்கு முன், மழை விட்ட ஒரு கார்த்திகை மாதத்தில், பாரத்தின் உச்சியில் நின்று கயிறு இழுத்தேன். கயிறு அறுந்தது. மல்லாக்க விழுந்தேன். முதுகுத்தண்டு உடைந்து, இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதாக இல்லாமல் போயிற்று. இனி நடப்பது கஷ்டம் என்றார் டாக்டர். "அதச் சொல்றதுக்கு நீங்க யாரு?" என்று கேட்டேன். வாய்க்கொழுப்பு எனக்கு அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு.

வீட்டுக்கு வந்தபோது சபையார் எல்லோரும் சேர்ந்து ஒரு இரும்புக் கட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். என்னைத் தூக்குகிறவர்கள் குனிய வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக் கட்டில் போல உயரமாகச் செய்யச் சொல்லியிருந்தார்கள். அன்பாகச் செய்தது. ஒரு வீல்சேரும் வந்தது. நான்தான் அதில் உட்காரவில்லை. "ஆண்டவரே, இதில் உட்கார்ந்தால் உம்மை நம்பாதவன் ஆகிவிடுவேன். உம் ஆலயத்துக்கு நடந்தே வருவேன்" என்று பொருத்தனை செய்துகொண்டேன். அம்மாவிடம் சொல்லி அதை மடக்கி, அவளுடைய பழைய புடவையால் மூடி மூலையில் வைக்கச் சொன்னேன். கட்டிலிலிருந்து நானாகவே இறங்கக் கற்றுக்கொடுக்க வந்த பிசியோதெரபி அம்மாவையும் திருப்பி அனுப்பினேன். "என்னா விசுவாசம் பாரு!" என்று சிலர் மெச்சினார்கள். கேட்க எனக்கு நன்றாக இருந்தது. அது விசுவாசம் இல்லை, வீம்பு. இப்போது தெரிகிறது.

என் வீம்பைச் சுமந்தது இரண்டு பெண்கள். மனைவி கலா மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறாள். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். அவள் போனபின் எல்லாம் அம்மாதான். என் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு, ஏசப்பா!" என்று தூக்குவாள். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைப்பாள், கழுவிவிடுவாள், மறுபடி கட்டிலில் ஏற்றுவாள். ஆயுசெல்லாம் களை பறித்த கை. ஆனால் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மூச்சு வாங்குவாள். "இன்னாம்மா?" என்றால், "ஒண்ணுமில்ல நைனா, நீ நடக்கற வரைக்கும் தானே" என்பாள். ஒன்றரை வருடம் அப்படித் தூக்கினாள்.

அது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம். தெருவே கொல்லைக்காட்டு வேலைக்குப் போயிருந்தது. பதினோரு மணி இருக்கும். அம்மா கஞ்சியோடு உள்ளே வந்தாள். கிண்ணம் கீழே விழுந்தது. பிறகு அவளும் விழுந்தாள், என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச வரவில்லை. கண் மட்டும் என்னையே பார்த்தது. நல்லா இருந்த கையை என் பக்கமாக நீட்டினாள்.

போன் கதவோரம் சார்ஜில் கிடந்தது. நான் குப்புறப் புரண்டு அம்மாவின் கையைப் பிடிக்கக் கையைத் தொங்கவிட்டேன். எட்டவில்லை. ஒரு முழம்கூட இருக்காது. கத்தினேன். ஜெபித்தேன். மறுபடி கத்தினேன். உருண்டு விழுந்திருக்கலாம். தவழ்ந்து போனை எடுத்திருக்கலாம். எனக்குப் பயம். எப்படி இறங்குவது என்று தெரியாது, கற்றுக்கொள்ளவில்லை. அம்மா மேலேயே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பயம். ஐயோ, அந்தக் கண்! ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். கொல்லையிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டுக்காரம்மா என் கத்தலைக் கேட்டுத்தான் ஓடிவந்தாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைக்க வழி இருந்திருக்கும் என்று சொன்னார்களாம். கலா அதை என்னிடம் சொல்லாமல் மறைத்தாள். பிறகு எனக்குத் தெரியவந்தது. அம்மாவை அடக்கம் செய்யவும் நான் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பெட்டி போவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஜெபிக்கவே இல்லை. பாஸ்டர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல் கிடப்பேன்.

அம்மா போனபின் என்னைத் தூக்க கலா மட்டும்தான். அவள் வேலை முடிந்து வரும்வரை கட்டிலிலேயே கிடப்பேன். ஒரு நாள் காலையில் தூக்கும்போது அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதுகொண்டே சத்தமாக ஜெபித்தாள். "ஆண்டவரே, இவுரு நடக்கலன்னா போவட்டும். நான் இல்லாதப்ப கட்டில உட்டு எறங்கற அளவுக்காவது ஒரு வழி காட்டுப்பா. இவுங்க அம்மா மாதிரி நானும் இங்கயே வுழுந்துட்டா இவுரு இன்னா பண்ணுவாரு?" ரொம்ப நாளைக்குப் பிறகு என் வாயிலிருந்து "ஆமென்" வந்தது.

அந்த வாரமே பதில் வந்தது. கம்பெனி பஸ்ஸில் கலா இதைச் சொல்லி அழுதிருக்கிறாள். பக்கத்து சீட் பெண்ணுக்கு ஒரு அண்ணன், நெம்மேலியில் இருக்கிறார். கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து என்னைப் போலவே ஆனவர். பெயர் கதிர்வேல். ஞாயிற்றுக்கிழமை மூன்று சக்கர ஸ்கூட்டரில், பின்னால் வீல்சேரைக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து இறங்கினார். ஆண்டவர் அனுப்பிய ஆள் திருநீறு பூசியிருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர்தான் அந்த ஆள். சத்தியமாகச் சொல்கிறேன்.

கட்டிலைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னா அண்ணாத்த, கட்டிலா இது, பரணா? சேர் ஒசரமும் இதுவும் ஒண்ணா இருந்தாதான் நீ எறங்க முடியும். மொதல்ல இத்த அறுக்கணும்."

சபையார் கொடுத்த கட்டில். ஜெபம் செய்து வைத்த கட்டில். பாஸ்டரிடம் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரே போய் வெல்டிங் கடைக்காரரை அழைத்து வந்து, அறுத்து முடிக்கும்வரை கட்டிலை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்க முதலிலேயே உன்னைக் கேட்டிருக்கணும் என்று மட்டும் சொன்னார்.

பிறகு கதிர்வேல் வாராவாரம் வந்து கற்றுக்கொடுத்தார். கையை வீசிப் புரள்வது, முழங்கை ஊன்றி எழுவது, காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கிக் கீழே போடுவது. சேரைச் சாய்வாக வைத்து பிரேக் போடுவது. தொடைக்கடியில் வழவழப்பான பலகையைச் செருகி நகர்வது. "தல இந்தாண்ட போனா, இடுப்பு அந்தாண்ட போவும். பயந்துகினு குந்துனா ஒண்ணும் நடக்காது" என்பார். பிரேக் போட மறந்து ஒரு நாள் பொத்தென்று தரையில் விழுந்தேன். கலா ஓடிவந்தாள். "கிட்ட வராத தங்கச்சி. நல்லதா போச்சு, தரையிலேர்ந்து ஏறக் கத்துக்கட்டும்" என்று தடுத்துவிட்டார். அன்றைக்கு ஏற முடியவில்லை. முக்காலி வைத்து ஏற மூன்று மாதம் ஆயிற்று.

பயிற்சியின் முதல் நாளே, வீல்சேர் மேலிருந்த அம்மாவின் புடவையை நானே எடுத்தேன். அதைத் துவைக்க விடவில்லை. மடித்து என் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

முதன்முதலாக யாரும் தூக்காத காலை. கலா பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "பஸ்ஸு போயிடும், நீ போ" என்றேன். "எறங்கிடுவியா மாமா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனாள். நான் இறங்கினேன். சேரில் உட்கார்ந்தேன். பிறகு சேரிலிருந்து தரைக்கும் இறங்கினேன். அம்மா விழுந்து கிடந்த இடத்துக்கு நகர்ந்து போய் அங்கே கையை வைத்தேன். "அம்மா, வந்துட்டேம்மா" என்று சொல்லி அழுதேன். அன்றைக்கு வர வேண்டிய இடம் அது.

நடந்து வருவேன் என்ற பொருத்தனையை என்னால் செலுத்த முடியவில்லை. சக்கரத்தில்தான் ஆலயத்துக்கு வந்தேன். கர்த்தர் அதற்காக என்னைத் தள்ளிவிடவில்லை. நான் கேட்டதைக் கொடுக்கவில்லை, என் மனைவி கேட்டதைக் கொடுத்தார். அவருக்கு ஸ்தோத்திரம். ஏன் அம்மா இருக்கும்போதே என் வீம்பை உடைக்கவில்லை என்று இன்றும் அவரிடம் கேட்கிறேன். பதில் வரவில்லை. ஆனாலும் அவரைத்தான் நம்புகிறேன்.

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, உங்கள் வீட்டிலும் துணி போட்டு மூடிய ஒரு வீல்சேர் இருந்தால், இன்றைக்கே துணியை எடுங்கள். விசுவாசம் குறைந்துவிடாது. உங்களைத் தூக்குகிறவர்கள் உயிரோடு இருக்கும்போதே இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள். நான் தினமும் காலையில் முதலில் அந்தத் தரையில் இறங்கித்தான் ஜெபிக்கிறேன். பிறகு நானே ஏறிக்கொள்கிறேன்.