கோணல் விரலுக்கு ஒரு மோதிரம்

கள்ளக்குறிச்சியில் கோகிலவாணி மோதிரம் செதுக்க உட்கார்ந்த நாளிலிருந்து சனிக்கிரகத்துக்குத் தூக்கம் போய்விட்டது. பிரபஞ்சத்திலேயே உயர்ந்த வளையம் தன்னிடம்தான் இருக்கிறது என்று இத்தனை காலம் இறுமாந்து சுற்றிக்கொண்டிருந்த கிரகம் அது. இப்போது அந்தப் பழைய வளையத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சங்கராபுரம் பஸ்ஸில் தொற்றி வந்து, ஆதிமூலம் நகைக்கடையின் மாடிப்படியில் நின்று, "எனக்கும் புது டிசைன்ல ஒண்ணு போட்டுத் தாங்க" என்று கெஞ்சியதாகக் கேள்வி. "இது முகூர்த்த சீசன், ஆடி மாசம் வாங்க" என்று கோகிலவாணி திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

நம்பாதவர்கள் அவள் செய்த சிங்கமுக மோதிரத்தைப் பார்க்காதவர்கள். அந்தச் சிங்கத்துக்குப் பிடரி இருந்தது, கோரைப்பல் இருந்தது, முகம் மட்டும் கடை முதலாளி ஆதிமூலத்தின் முகமாக இருந்தது. நாளெல்லாம் அவர் எதிரே உட்கார்ந்திருந்தால் கை வேறு எப்படிப் போகும்? அவரே அதைப் பார்த்துவிட்டு, "எங்கியோ பார்த்த சிங்கமா கீதே" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

கோகிலவாணி சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். அப்பாவுக்குக் கரும்பும் மரவள்ளியும் தவிர மற்றதெல்லாம் களை. கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் படிப்பு முடித்து, கோயம்புத்தூர் நகைப் பட்டறை ஒன்றில் சில காலம் வேலை கற்று, ஊர் திரும்பி ஆதிமூலம் கடையில் சேர்ந்தாள். மகள் என்ன வேலை செய்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "நகைக்கடைல கம்ப்யூட்டர்ல இருக்கா" என்பாள் அம்மா. அவர்கள் பில் போடுகிற வேலை என்று புரிந்துகொள்வார்கள். மோதிரம் செய்கிறாள் என்று சொன்னால் அடுத்த கேள்வி, "சுத்தியல் எங்க?" என்று வரும்.

சுத்தியல் கிடையாது. ஒரு கறுப்புப் பலகை, அதன்மேல் உரசுகிற பேனா, எதிரே திரை. திரைக்குள் களிமண் மாதிரி ஒன்று உருண்டையாக நிற்கும். பேனாவால் அமுக்கினால் பள்ளம் விழும், இழுத்தால் மேடு எழும், சுரண்டினால் வழுவழுப்பாகும். கை அழுக்காகாமல் மண் பிசைகிற வேலை. முடித்ததும் அது கோயம்புத்தூருக்குப் போகும். அங்கே ஒரு மெஷின் அதை மெழுகில் அச்சடிக்கும். அந்த மெழுகை வைத்து வெள்ளியிலோ தங்கத்திலோ வார்த்து, பார்சலில் அனுப்புவார்கள்.

திரையில் மோதிரம் மாட்டுவண்டிச் சக்கரம் பெரிசுக்குத் தெரியும். அதை நம்பி ஆரம்பத்தில் மயிலின் ஒவ்வொரு இறகிலும் கோடு கோடாக இழைத்தாள். வார்த்து வந்தபோது மயில், மழையில் நனைந்த கோழி மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு விரல் அளவை மனதில் வைத்துத்தான் பேனாவை எடுத்தாள்.

எந்த மோதிரமும் ஒரு வட்டத்தில்தான் தொடங்கும். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், குறை சொல்ல முடியாத வட்டம் ஒன்று திரையில் வந்து நிற்கும். அந்த வட்டத்தின் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். "எங்கம்மா சுடுற தோசைல கூட இப்படி ரவுண்டு வராது" என்பாள்.

அவளை அந்த வட்டத்திலிருந்து இழுத்துப் போட்டவன் வீரமுத்து. தியாகதுருகம் பக்கத்து ஆள், கரும்பு வெட்டுகிறவன். ஒரு நாள் மத்தியானம், சட்டைப் பையிலிருந்து காகித மடிப்பு ஒன்றை எடுத்து அவள் மேசையில் வைத்தான். உள்ளே ஒரு துண்டு வெள்ளை நூல்.

"இன்னாங்க இது?"

"விரல் அளவுங்க. எனக்குக் கல்யாணம். பொண்ணு மலை மேல. வெள்ளிமலை தாண்டிப் போவணும். வெள்ளில ஒரு மோதிரம் வேணும், கொடத்துல போடுறதுக்கு."

குடத்தில் போடுவது கோகிலவாணிக்கும் தெரிந்த வழக்கம்தான். தாலி கட்டி முடிந்ததும் மஞ்சள் தண்ணீர்க் குடத்துக்குள் மோதிரத்தைப் போடுவார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே நேரத்தில் வலது கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். யார் எடுக்கிறாரோ அவர் பேச்சுதான் வீட்டில் எடுபடும் என்று சுற்றி நிற்கிற பெண்கள் கத்துவார்கள். எடுத்த மோதிரத்தை எல்லோரும் பார்க்கப் பெண்ணின் வலது கை விரலில் போட்டுவிடுவார்கள்.

கோகிலவாணி நூலை அளந்தாள், பொத்தானைத் தட்டினாள், வட்டம் வந்தது. சுற்றிலும் சின்னச் சின்னப் பூவாக வைத்து அனுப்பினாள். வெள்ளியில் வந்து சேர்ந்தது. வீரமுத்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மலைக்குப் போனான். அடுத்த வாரமே திரும்பி வந்தான்.

"சேரலங்க."

"நூல் அளவுக்கு அச்சா போட்டேங்க. நீங்களே வச்சிப் பாருங்க."

"உங்க மேல தப்பு இல்லீங்க." வீரமுத்து படியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "கலையரசி எடது கை விரல அளந்து அனுப்பிக்கிறா. சோத்துக் கையில அந்த விரல் கோணலு. சின்னப் புள்ளையில மாட்டுத் தட்டை வெட்டுற மெஷின்ல மாட்டிக்கிச்சி. முட்டி தடிச்சி, நுனி ஒருபக்கமா திரும்பிக்கும். அந்தக் கைய யாருக்கும் காட்டமாட்டா. எனக்கே ரொம்ப நாள் கழிச்சித்தான் காட்டினா. இப்ப மோதிரமும் வேணாம், கொடமும் வேணாம்ன்றா. எங்க ஜனம் சும்மா வுடுமா?"

ஆதிமூலம் கல்லாவிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். "வாய் தொறந்த பட்டை மோதிரம் போட்டுக் குடுத்துரும்மா. இழுத்து விரிச்சி மாட்டிக்கட்டும்."

கோகிலவாணிக்கு அது ஒப்பவில்லை. அது முட்டியைத் தாண்டும், ஆனால் மெலிந்த அடிவிரலில் தொளதொளவென்று ஆடும். எந்த விரலை மறைக்கிறாளோ அதையே ஆட்டி ஆட்டிக் காட்டும்.

"அவங்கள ஒருவாட்டி கூட்டிக்கினு வாங்க. விரலப் பார்த்தா நான் போட்டுருவேன்."

"வரமாட்டாங்க அவ."

"ஃபோட்டோவாவது?"

"ஃபோன எடுத்தாலே கைய முந்தானைக்குள்ள வுட்டுக்குவா."

தானே மலைக்குப் போகலாம் என்றால் சீசன் முடியும்வரை முதலாளி லீவு தரமாட்டார். அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள் பாதிச் சோற்றில் நிறுத்திவிட்டுப் புலம்பினாள். விரல் கோணல், நூல் பொய், பொண்ணு வரமாட்டா. அப்பா, மாடு தண்ணி காட்டாமல் நிற்கிறது என்றார். அம்மா, குழம்பில் உப்பு கம்மியா என்று கேட்டாள். வேறு யாரும் காது கொடுத்ததாகத் தெரியவில்லை.

சில நாள் கழித்துக் கடையில் அவள் மேசைமேல் ஒரு மிக்சர் பாக்கெட் இருந்தது. வாய் திறந்து மறுபடி மடித்திருந்தது. பிரித்தாள். உள்ளேயிருந்து ஒரு பல்லி அவள் மடியில் விழுந்தது. நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டிய பிறகுதான் அது பிளாஸ்டிக் என்று தெரிந்தது. பல்லிக்குக் கீழே, பேப்பரில் சுற்றிய தேன்மெழுகுக் கட்டி ஒன்று. மலையில் தேன் எடுப்பவர்கள் உருக்கி வைக்கிற பழுப்பு மெழுகு. அதன் நடுவே ஒரு குழி, விரல் நுழைகிற குழி. நேராக இறங்கி, பாதியில் அகன்று, அப்புறம் ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது. ரேகைகூடப் பதிந்திருந்தது.

மலையில் நடந்தது இதுதான். யாரோ ஒரு வெட்டி ஆசாமி வெள்ளிமலை வரை பஸ்ஸிலும், அங்கிருந்து ஜீப்பில் தொங்கிக்கொண்டும் போய், தேன் வாங்குகிற சாக்கில் கலையரசி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். மோதிரத்துக்கு விரல் வேண்டும் என்றதும் அவள் இடது கையை நீட்டினாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. ஆசாமி இடது கையைப் பார்ப்பதுபோலப் பார்த்து, அதன் மேல் பல்லியைப் போட்டான். முந்தானைக்குள் இருந்த கை பாய்ந்து வந்து பல்லியைத் தட்டிவிட்டது. பல்லி போய் அடுப்பு ஓரத்தில் அசையாமல் கிடந்தது. அது எதனால் ஆனது என்று புரிந்ததும் கலையரசி சிரித்தாள். கடைவாய்ப் பல் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கையை உள்ளே இழுத்துக்கொள்ள மறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே, அடுப்புச் சூட்டில் இளகியிருந்த மெழுகு விரலுக்கு வந்துவிட்டது.

"வலிக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

"மெழுகுக்கா?" என்றானாம் அவன்.

கோகிலவாணி மெழுகுக் குழிக்குள் மாவுக்கட்டுப் பவுடரைக் கரைத்து ஊற்றினாள். இறுகியதும் மெழுகைப் பிளந்து எடுத்தாள். வெள்ளையாக ஒரு விரல். அதை மேசையில் நிற்கவைத்துச் சுற்றிச் சுற்றி ஃபோனில் படம் எடுத்து, திரைக்குள் கொண்டுவந்தாள். இப்போது களிமண் உருண்டை நின்ற இடத்தில் கலையரசியின் விரல் நின்றது. பழக்கத்தில் பொத்தானைத் தட்டினாள். வட்டம் வந்து, முட்டியில் இடித்துக்கொண்டு நின்றது. அழித்தாள்.

வட்டம் இல்லாமல் ஒரு மோதிரத்தை அவள் அதுவரை ஆரம்பித்ததே இல்லை. முதலில் வந்தது வாஷர் மாதிரி இருந்தது. அடுத்தது காது அறுந்த ஜிமிக்கி. ஆதிமூலம் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, எருமை மிதிச்சுதா?" என்றார். வார்த்துப் பார்க்க வழியில்லை என்பதால், வெறும் வளையமாக மெழுகில் மட்டும் வரவழைத்து மாவு விரலில் மாட்டிப் பார்த்தாள். ஒன்று உடைந்தது. ஒன்று ஏறியது, இறங்க மறுத்தது.

வீட்டுக் கொல்லையில் அவரைப்பந்தலுக்கு ஊன்றிய குச்சியைப் பார்த்துத்தான் வழி பிடிபட்டது. குச்சி கோணல். கொடி அதைப் பற்றிக் கவலைப்படாமல், வளைந்த இடத்தில் தானும் வளைந்து, சாய்வாகச் சுற்றிக்கொண்டு ஏறியிருந்தது. மோதிரமும் அப்படிச் சாய்வாக ஏறினால்? முட்டிக்கு மேல் சரித்து நுழைத்து, தாண்டியதும் கால் சுற்று திருப்பினால் அடிவிரலில் கச்சிதமாக உட்காரும். கொடியையே செதுக்கினாள். அடியில் ஒரு இலை, முட்டி தொடங்குகிற இடத்தில் அவரைப்பூ ஒன்று. மயில் தந்த பாடத்தில், பூவுக்கு இரண்டே இதழ்.

வெள்ளியில் வந்த மோதிரத்தை வீரமுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "ரவுண்டா இல்லியே."

"அவங்க விரல்ல ரவுண்டாயிடும். சாய்ச்சிப் போட்டுத் திருப்பச் சொல்லுங்க. நாலுவாட்டி பழகிக்கட்டும்."

மலையிலிருந்து எந்தச் சேதியும் வரவில்லை. சேர்ந்ததா, சேரவில்லையா, கலையரசி அதைக் கையிலாவது எடுத்தாளா என்று தெரியாமலே கோகிலவாணி தியாகதுருகம் பக்கம் நடந்த விடியற்காலைக் கல்யாணத்துக்கு, கடை திறப்பதற்குள் திரும்பிவிடுகிற கணக்கில் போனாள்.

தாலி கட்டி முடிந்தது. பித்தளைக் குடம் வந்தது. கலையரசியின் வலது கை கூறைப்புடவைக்குள்ளேயே இருந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஜெயம்மாள் மோதிரத்தைத் தண்ணீருக்குள் போட்டு, "ம், கைய வுடுங்க" என்றாள். வீரமுத்து சட்டென்று தன் இடது கையை விட்டான்.

"பீச்சாங்கைய வுடுறான் பாரு. இன்னாடா, மாப்ள ஆனதும் கை மாறிப் போச்சா?"

"இந்தக் கைதான் வருது அத்த."

கூட்டம் சிரித்தது. கலையரசி அவனைப் பார்த்தாள். அவளுக்காகத்தான் அவன் எல்லோர் எதிரிலும் தப்புக் கையை விட்டுக்கொண்டு நிற்கிறான். அவளும் இடது கையை விட்டிருக்கலாம். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். புடவைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. யாராவது பார்ப்பதற்குள் குடத்துக்குள் போய்விட்டது. தண்ணீர் தளும்பியது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. கோகிலவாணி, கையிலிருந்த பூத்தட்டைச் சாய்த்துப் பூவையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

கை வெளியே வந்தபோது மோதிரம் விரலிலேயே இருந்தது. தண்ணீருக்குள்ளேயே கட்டைவிரலால் தள்ளிச் சாய்த்துத் திருப்பியிருக்கிறாள். மலையில் நாலுவாட்டி அல்ல, நாள் முழுக்கப் பழகியிருக்க வேண்டும். மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தக் கையை அவள் உடனே இறக்கவில்லை.

"இது செல்லாது" என்றாள் ஜெயம்மாள். "எடுக்கணும்னுதான சொன்னோம், போட்டுக்கினு வந்தா எப்படி?" பிறகு அந்தக் கையைப் பிடித்துக் கிட்டத்தில் பார்த்து, "அவரப்பூவா இது? எங்கடி பண்ண? எனக்கொண்ணு சொல்லு" என்றாள்.

இந்தக் கதையைக் கோகிலவாணி கடையில் மத்தியானச் சோறு தின்றுகொண்டே படித்தாள். சனிக்கிரகத்துக்குச் சிரித்தாள். சிங்கம் வருகிற இடத்தில் முதலாளி பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மலைக்கு வந்ததும் மெல்லுவதை நிறுத்தினாள். அந்தப் பத்தியை மறுபடி படித்தாள். காகிதத்தின் மேல் ஒரு விரலை வைத்து என்னைப் பார்த்தாள்.

"மத்ததெல்லாம் நான் வூட்ல சொன்னது. சரி. பல்லிய சோத்துக் கையால தட்டிவுட்டான்னு எழுதிக்கிற, வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சான்னு எழுதிக்கிற. நான் அங்க இல்ல. வீரமுத்துவும் இல்ல. யாரோ ஒரு பையன் வந்தான்னுதான் கலையரசியே சொன்னா. அன்னிக்கி பள்ளிக்கொடத்துக்குன்னு சோத்து டப்பாவ எடுத்துக்கினு போனியே தம்பி, அந்த சோத்த எந்த மலையில உக்காந்து துன்ன?"