முருகேசன் எனக்குத் தராத அடி

வெள்ளிக்கிழமை காலை முருகேசனின் மனைவி ராணியின் போன் வந்தது. "அண்ணா, அவரு போயிட்டாரு. சாயா குடிச்சிட்டு இருந்தாரு, நெஞ்சப் பிடிச்சாரு, அவ்வளவுதான்" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். முருகேசன் யாரிடமாவது அடிபட்டுத்தான் சாவான் என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோருமே சொல்லியிருக்கிறோம். நாற்பத்தைந்து வயதில், ஒரு கிளாஸ் சாயாவோடு இப்படிச் சத்தமில்லாமல் போக அவனை யார் விட்டது?

அவன் கொச்சியில் பள்ளுருத்திக்காரன். அப்பா முனிசிபாலிட்டியில் துப்புரவுத் தொழிலாளி. வீட்டில் பேச்சு தமிழ், எழுத்தெல்லாம் மலையாளம். அப்பாவின் வேலையைப் பற்றித் தெருவில் யார் வாய் திறந்தாலும் கையால்தான் பதில் சொல்வான். அந்தக் கை கடைசிவரை அடங்கவில்லை. என் முன்பல் ஒன்று பாதியாக இருப்பது அவன் உபயம். வெற்றிட அடுப்பின் வால்வை நான் மூட மறந்ததற்கு ஒரே குத்து. பிறகு அவனே ஆட்டோ பிடித்து என்னைப் பல் டாக்டரிடம் கொண்டுபோனான், ஆட்டோக்காரரை வழியெல்லாம் ஏசிக்கொண்டு.

கூடத்து நண்பர்களே, அதே கை செய்த வேலையைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் உண்டு. முடியைவிட மெல்லிய வரிகள் வெட்டிய அச்சின் மேல் சர்க்கரைக் கரைசலைப் பூசி, உருக்கிய பொருளை ஊற்றி, அடுப்பில் வேகவைப்போம். தண்ணீரில் போட்டால் சர்க்கரை கரையும். முருகேசன் இரண்டு விரலால் அந்தப் படலத்தை உரித்தெடுப்பான். ரப்பர்போல் இழுபடும், உடலுக்குள் வைத்தால் மெல்ல மெல்லக் கரைந்துபோகும் படலம். அதற்குள் அறுந்த தசையும் நரம்பும் அதன்மேல் மறுபடி வளர்ந்துவிட வேண்டும் என்பது கணக்கு. வெறும் பரப்பில் விட்ட செல்கள் மனம்போன போக்கில் படுத்துக்கிடக்கும். வரியுள்ள பரப்பில் விட்டால் ஒரே திசையில் நீண்டு, வரிசையாக வளரும். "செல்லுக்குக் கண்ணில்லடா, அதுக்குக் காலடிதான் கண்ணு" என்பான்.

இனி எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. படலத்தில் மிஞ்சிய அமிலம் போக மூன்று நாள் ஆல்கஹாலில் கழுவ வேண்டும். மச்சினி கல்யாணத்துக்குப் பாலக்காடு போகும் அவசரத்தில் நான் ஒரே நாள் கழுவிவிட்டு, மூன்று நாள் என்று எழுதிவைத்தேன். திரும்பி வந்தபோது தட்டுகளில் எல்லாச் செல்களும் செத்திருந்தன. மூன்று மாத உழைப்பு. முருகேசன் ஸ்டூலைத் தூக்கிச் சுவரில் அடித்தான். கால் ஒன்று முறிந்து என் தலைக்கு மேல் பறந்தது. "யாருடா? என்ன பண்ணினீங்கடா?" என்று கத்தினான். பயத்தில் என் வாயில் வந்தது, "கீழ இருந்து மிளகுப் பொடி பறந்து வந்திருக்கும்."

எங்கள் கூடம் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் இருந்தது. ஜன்னல் பக்கம் மிளகு புடைக்காதீர்கள் என்று அவன் ஏற்கனவே இரண்டு முறை சண்டை போட்டிருந்தான். அன்று படியில் இறங்கிய வேகத்திலேயே மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் தலைவர் கன்னத்தில் அறைந்தான். ஐந்தாறு பேர் அவன்மேல் விழுந்தார்கள். மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி ஒருவரின் கையில் இருந்தது. அது முருகேசனின் வலது உள்ளங்கையில் ஏறி, விரல் இடுக்கு வரை கிழித்துக்கொண்டு வந்தது. கொட்டிக்கிடந்த மிளகின் மேல் ரத்தம். நான் படியிலேயே நின்றேன். உண்மையைச் சொல்லவில்லை.

படலம் உரித்த அந்த இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, குளிர்பெட்டியில் இருந்த செத்த தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தான். வெளியே வந்து என்னையே பார்த்தான். "வாடா, சாயா குடிக்கலாம்" என்றான்.

அதன்பிறகு படலம் உரிப்பது என் வேலையாயிற்று. அவன் என் பிடரிக்குப் பின்னால் நின்று, "மெல்ல, மெல்ல, கிழிச்சா கொன்னுடுவேன் கேட்டோ" என்பான். ஒருநாள் நுண்ணோக்கியில் செல்கள் நூல் பிடித்தாற்போல் வரிசையில் நின்றன. இடது கையால் சுவரைக் குத்திக் காரை பெயர்த்தான். பிறகு வலது கையைக் காட்டி, "இதுக்குள்ள நரம்புக்குப் போற வழி தெரியல்லடா. இப்படி ஒரு வரி போட்டுக் கொடுத்தா போதும்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினாறாம் நாள் ராணி அவனுடைய நோட்டை என்னிடம் கொடுத்தாள். "உங்ககிட்டதான் கொடுக்கணும்னு எப்பவும் சொல்லுவாரு அண்ணா." இடது கையால் எழுதப் பழகாத காலத்துக் கோணல் மலையாள எழுத்து. செத்த தட்டுகளைப் பார்த்த அன்று எழுதியது: "திரவம் மஞ்சள், அமிலம் கலந்த நிறம். தூசி விழுந்த கலங்கல் இல்லை. தூசியல்ல, அமிலம். கழுவியது போதாது."

கழுவியவன் நான் ஒருவன்தான். வால்வுக்குப் பல்லை உடைத்தவன், கையையே பறித்ததற்கு என்னைத் தொடவில்லை. அத்தனை வருடமும் தெரிந்துகொண்டே என்னோடு சாயா குடித்திருக்கிறான். முருகேசா, அன்று நீ என்னை அடித்திருக்க வேண்டும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது பாதிப் பல்லும் அந்த அடியும்தான். பல் வலித்தது ஒரு வாரம். நீ தராத அடி இன்னும் வலிக்கிறது.