வேலனின் காபி முகம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். கோட்டைமேட்டு ஹுமேராவுக்குப் பல்லியே போதும். பேருந்தில் தன் நிறுத்தத்தைக் கேட்கப் பயம், யாராவது கதவைத் தட்டினால் பயம். இப்படிப்பட்டவள் எப்படித் துணிந்து ஊரார் முகங்களை வரையக் கிளம்பினாள் என்பது அவள் கணவன் ஷாஹுலுக்கே விளங்காத சங்கதி. இன்ஸ்டன்ட் காபித் தூளை வெந்நீரில் குழைப்பாள். கெட்டியாகக் குழைத்தால் மீசை, நீர்க்கக் கரைத்தால் கன்னம். வேறு வண்ணம் எதுவும் தொடமாட்டாள்.

தொண்டாமுத்தூர் பொற்கொடி செல்போனில் அவள் படங்களைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தாள். அவளுடைய அப்பா வேலன் இறந்தபோது வீட்டில் மிஞ்சியது அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படம் ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் ஹுமேரா பெரிதாக வரைந்து கொடுத்தாள். அந்தப் படத்தின் முன்னால்தான் தாலி கட்டிக்கொள்வேன் என்று பொற்கொடிக்குப் பிடிவாதம். "நீங்களும் கட்டாயம் வரோணுமுங்க அக்கா" என்று அழைத்தாள். ஹுமேராவும் போனாள்.

வினை போட்டோகிராபர் உருவில் வந்தது. வெளிச்சம் பட்டுக் கூசுகிறதென்று படத்தின் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். முன்வரிசையில் இருந்த ஹுமேரா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். காபி எத்தனை நாள் காய்ந்தாலும் ஈரம் பட்டால் மறுபடி கரைந்துவிடும். சரி, மேடையில் படத்தின்மேல் யார் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அப்போது வேலனின் அக்கா பாவாத்தாள் சந்தனக் கிண்ணத்தோடு மேடையேறினாள். ஈரச் சந்தனத்தில் விரலைத் தோய்த்துத் தம்பியின் நெற்றிக்குக் கொண்டுபோனாள். காலமானவர் படத்துக்குப் பொட்டு வைக்காமல் விடுவார்களா? ஹுமேராவின் வீட்டில் படம் மாட்டும் வழக்கமே இல்லை, அதனால் இது அவள் புத்திக்கு எட்டவேயில்லை.

வைக்காதீர்கள் என்று சொல்லவேண்டும். சொல்வது யார்? முக்காடு போட்ட ஒருத்தி, மண்டபம் நிறைந்த கல்யாணத்தில், இந்தக் காலத்தில். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் கேட்பவர் காதில் அது என்னவாக விழும்? சும்மா இருந்தாலோ வேலனுக்கு நெற்றியும் போகும், கண்ணும் போகும்.

எப்படி மேடையேறினாள் என்று அவளுக்கே தெரியாது. "பொட்டு வேண்டாமுங்க" என்றாள்.

நாதஸ்வரம் நின்றுவிட்டது. "ஏனுங்க வேண்டாம்?" என்றான் கீழே ஒருவன். அவன் கேட்ட தொனியில் அந்த 'ங்க'வில் மரியாதை துளியும் இல்லை.

ஹுமேரா படத்தின் அருகே போனாள். பக்கத்துத் தட்டில் இருந்த பன்னீரில் விரலை நனைத்தாள். படத்தின் மூலையில் தான் போட்டிருந்த கையெழுத்தின்மேல் தேய்த்தாள். அவள் பெயர் பழுப்பு நீராகக் கரைந்து வழிந்தது.

"காபிங்க. ஈரம் பட்டா மூஞ்சியும் இப்படித்தான் போயிருமுங்க."

பொற்கொடி மணையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். பாவாத்தாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, கரைந்த பெயரையும் தம்பியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எடுத்த சந்தனத்தத் திருப்பிக் கிண்ணத்துல போடறதில்லீங்க" என்று ஹுமேராவின் கையைப் பிடித்துப் புறங்கையில் தடவினாள்.

"ஏன் அம்மணி இப்படி நடுங்கறீங்க? எங்களக் கண்டா பயமுங்களா?"

"இல்லீங்க" என்றாள் ஹுமேரா. அது பொய்யென்று பாவாத்தாளுக்கும் தெரிந்தது. பிடித்த கையை அவள் விடவில்லை.